நான் செய்த சூட்டுப் பெட்டியும் என் மனைவியின் கறுப்பு மாத்திரையும்

எங்கள் மலேசியாவில், பாகான் டத்தோவில் மீன்காரர்களுக்குக் குளிரறை கட்டியவன் நான். கடல் உப்பு சீக்கிரமே இரும்பைத் தின்றுவிடும் என்று அந்த ஊர் தவுக்கே, மீன் முதலாளி, சிரித்தார். அவர் தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்த பிறகும் அந்த அறை ஓடிக்கொண்டுதான் இருந்தது. லகாட்டில், ஈயம் தோண்டிவிட்டுப் போன குளத்தங்கரையில், ஐஸ் கட்டி செய்யும் கூடம் ஒன்றை நிற்க வைத்தவனும் நான். அதற்கு எஞ்சின் ஒரு செத்த லோரியிலிருந்து வந்தது. பம்பு, சுரங்கக்காரர்கள் கழித்துப் போட்டது. கமுந்திங் தொழிற்பேட்டையில் வெளிநாட்டு இயந்திரம் படுத்துவிட்டால், அதைச் செய்தவன் விமானம் ஏறி வருவதற்குள் நான் என் வேனில் போய் எழுப்பிவிட்டுத் திரும்பியிருப்பேன். ஈப்போவில் பாதிச் சாப்பாட்டுக் கடைகளின் ஃபிரீசர் என் கை பட்டது. பிணவறைக்குக் குளிர்ப்பெட்டி செய்ய யாரும் முன்வராதபோது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் அதையும் செய்து கொடுத்தேன்.

இத்தனையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது. எழுதுவதைக்கூட நான் பிற்பாடு தமிழ்ப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் சரி செய்துகொண்டேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்விட்சிலும் மோட்டாரிலும் அச்சடித்திருப்பவை. எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய கையோடு ஈப்போவுக்கு வந்தேன். கூட வந்தவர்கள் என் மனைவியும் அவளுடைய அண்ணனும். மச்சான் அங்கே ரப்பர் தகடு காய வைக்கும் புகைக்கூடத்தில் நெருப்புப் பார்த்தவர். பட்டறை போட்டபோது அவருக்கு ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து, நெருப்பை மறந்துவிடுங்கள், இனிமேல் நமக்குக் குளிர்தான் சோறு போடும் என்றேன். போட்டது.

ஆனால் நான் செய்தவற்றில் உசத்தி எது என்று கேட்டால், குளிர்விக்கிற எதையும் சொல்ல மாட்டேன். சூடாக வைக்கிற ஒரு பெட்டியைத்தான் சொல்வேன். அதற்குள் இருந்த, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் காட்டிய வெளிச்சத்தால் என் மனைவி பிழைத்தாள். இதை எழுதும்போது அவள் அடுப்படியிலிருந்து, காற்றாடியை யார் அணைக்காமல் போனது என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான்தான். அந்தச் சத்தம் காதில் விழுகிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், டாக்டரம்மா என் பட்டறைக்கு வந்தார். நோயாளிக்கு ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வெளிநாட்டில் ஆராய்ச்சி படித்துப் பட்டம் வாங்கியவர். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், கடைக்கு ஃபிரீசர் செய்தது நான் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தார். தலையில் முக்காடு, கையில் ஒரு அளவுகோல். பட்டறையில் எண்ணெய் படியாத நாற்காலி ஒன்றுகூட இல்லை. பழைய கம்பிரஸர் மேல் ஒரு சாக்கை விரித்தேன். தயங்காமல் உட்கார்ந்தார்.

"அண்ணே, அத்தா கடை ஃபிரீசரு நீங்க செஞ்சதுதானே?"

"நான்தான். ஓடுதுல்ல?"

"நல்லா ஓடுது. எனக்கு அதுக்கு நேர்மாறா ஒண்ணு வேணும். உள்ளுக்கு முப்பத்தேழு டிகிரி இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"ரொட்டி மாவு பொங்க வைக்கவா?"

"இல்லண்ணே. உயிர வளக்க."

மச்சான் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். டாக்டரம்மா விளக்கினார். நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. அந்தச் செல்களுக்கு உள்ளேயும் மேலேயும் ஏற்பிகள் என்று உண்டு. இரத்தத்தில் வருகிற மருந்தோ சுரப்போ அந்த ஏற்பியில் போய் ஒட்டினால்தான் செல்லுக்குச் செய்தி கிடைக்கும், வேலை நடக்கும். எந்த மருந்து எந்த ஏற்பியை எவ்வளவு எழுப்புகிறது என்று அளப்பதுதான் அவருடைய படிப்பு. எழுந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாதே. அதனால் செல்லுக்குள் வேறொரு உயிரின் சரக்கைச் சேர்த்துவிடுகிறார்கள். மின்மினிப் பூச்சியை மின்ன வைக்கிற சரக்கு. ஏற்பி எழுந்தால் அந்தச் சரக்கு உள்ளே உருவாகும், அதற்குரிய தீனியைப் போட்டால் வெளிச்சம் வரும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று கணக்கு.

நான் கொஞ்சம் யோசித்தேன். எங்கள் பட்டறைப் பலகையில் ஒரு ரிலே இருந்தது. சின்ன மின்சாரம் வந்து அதைத் தட்டினால் பெரிய மோட்டார் ஓடும். மோட்டார் தூரத்தில் இருப்பதால், ஓடுகிறதா என்று தெரிய ஒரு சின்னச் சிவப்பு விளக்கை அதே ரிலேயில் மாட்டியிருப்போம்.

"அப்படின்னா உங்க ஏற்பிங்கறது இந்த ரிலே. மின்மினிங்கறது இந்தச் செகப்பு லைட்டு. நீங்க மோட்டார பாக்கல, லைட்ட பாக்கறீங்க. அதானே?"

டாக்டரம்மா ரிலேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதேதான் அண்ணே. இனிமே யாரு கேட்டாலும் இதையே சொல்லிடறேன்."

சொன்னார். பல மேடைகளில் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த விளக்கம் என் பட்டறையில் பிறந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவருடைய ஆய்வுக்கூடம் ஒரு பழைய பங்களா. நாட்டு மருந்துகளைச் சோதிப்பதற்காக நடத்தப்பட்டது. கடையில் விற்கிற மருந்துகளில், பாட்டிலில் எழுதாத ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள் என்ற புகார் இருந்தது. ஸ்டீராய்டு என்றால் வீக்கத்தையும் வலியையும் உடனே அமுக்குகிற பலமான மருந்து. டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. அதற்குச் செல்லில் தனி ஏற்பி உண்டு. அந்த ஏற்பி எழுந்தால் மின்னுகிற செல்களை டாக்டரம்மா வெளிநாட்டிலிருந்து ஒரு குடுவையில் உறையவைத்துக் கொண்டுவந்திருந்தார். மாடுகளுக்குச் சினை ஊசி போடும் இடத்திலிருந்து வருகிற உறைபனித் திரவத்தில் அந்தக் குடுவை உட்கார்ந்திருந்தது. செல்கள் இருந்தன; அவற்றை வளர்க்கப் பெட்டிதான் இல்லை. வாங்கினால் கப்பலில் வந்து சேர எவ்வளவு நாளாகும் என்று யாருக்கும் தெரியாது.

நான் செய்தேன். எவர்சில்வர் தகட்டில் பெட்டிக்குள் பெட்டி. இரண்டு சுவருக்கும் நடுவே தண்ணீர். தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி, அதை அடக்க ஒரு தெர்மோஸ்டாட். டாக்டரம்மா படத்தில் காட்டியதில் வெறும் காற்றுதான் இருந்தது. தண்ணீர் வைத்த வகையும் உண்டு, ஆனால் செய்வது கஷ்டம், ஒழுகும் என்றார். எங்கள் பேராக் மாநிலத்தில் தினம் சாயங்காலம் இடி இடித்தால் கரண்டு போகும், காற்று உடனே ஆறிவிடும், தண்ணீர் சீக்கிரம் ஆறாது, ஒழுகாமல் செய்வது என் பொறுப்பு என்றேன். ஒழுகவில்லை. செல்கள் வாழக் கொஞ்சம் கரியமில வாயுவும் வேண்டும்; சோடாக் கம்பெனிக்கு வருகிற அதே வாயு ஒரு உருளையிலிருந்து மெல்லிய குழாய் வழியே உள்ளே போகும். கரண்டு போனால் குழாய் தானாக மூடிக்கொள்ளும்படி ஒரு வால்வு வைத்தேன். கதவுக்கு நான் மீன் அறைகளுக்குப் போடுகிற அதே தடித்த ரப்பர். உள்ளே இருக்கிற வாயு வெளியே போகாது.

வெளிச்சத்தை அளக்க இன்னொரு பெட்டி. அது இருட்டுப் பெட்டி. மிகச் சின்ன ஒளியையும் பிடிக்கிற கண்ணாடிக் குழல் ஒன்றை டாக்டரம்மா வைத்திருந்தார். அதற்கு ஊசி முனை அளவு வெளிச்சம்கூட ஆகாது. உள்ளே கறுப்புச் சாயம், மூலையெல்லாம் கறுப்பு வெல்வெட்டு, மேலே ஒரு ரப்பர் மூடி. மூடி வழியாக ஊசியில் தீனியைச் செலுத்தலாம். வெளியே ஒரு முள் மட்டும் ஆடும். முதல் தடவை வெறும் பெட்டியிலேயே முள் ஆடியது. என் வெல்வெட்டு ஒரு மூலையில் விலகியிருந்தது. ஒட்டினேன், நின்றது.

இதெல்லாம் நடக்கும்போது என் மனைவி எனக்கும் மச்சானுக்கும் பங்களாவுக்கே சோறு கொண்டுவருவாள். பால் மரத்தில் வருஷக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்த முழங்கால் அவளுடையது. மச்சான்தான் அவளுக்குக் கறுப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவன் வேனில் ஒலிபெருக்கி கட்டி விற்றான். வெறும் மலைவேர் என்றான். ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது. அவள் படி ஏறினாள், கோவிலைச் சுற்றி வந்தாள். மச்சானுக்குத் தலைகால் தெரியவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த மாத்திரையைப் பற்றியே பேசினார்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சர்ஜன் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்றாள். மாத்திரையை அவள் மருந்தாகவே நினைக்கவில்லை, அது வேர்தானே.

அந்த வாரம் நாங்கள் பங்களாவில் பெட்டியைப் பராமரிக்கப் போயிருந்தபோது, சோற்றுக் கேரியரை இறக்கி வைத்தவளின் கையை டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கேரியர் கைப்பிடி பட்ட இடத்தில் நீலமாகக் கன்றியிருந்தது.

"அக்கா, முகம் முன்னல்லாம் இப்படி உருண்டையா இருக்காதுல்ல?"

"வயசாச்சுலா. சாப்பிடறேன், ஒடம்பு வைக்குது."

"மூட்டு வலிக்கு ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

மனைவி சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள். பெருமையாகத்தான் காட்டினாள். டாக்டரம்மா ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அப்புறம் உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, இது நான் நெனைக்கிறதா இருந்தா ஆபத்து. ஸ்டீராய்டு ரொம்ப நாளு வெளியிலேர்ந்து வந்தா, ஒடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்ட நிறுத்திடும். ஆபரேஷன் நேரத்துல ஒடம்புக்கு அது ரொம்பத் தேவை. இல்லாட்டி பிரஷரு சரசரன்னு எறங்கிடும், ஆளக் காப்பாத்த முடியாது."

"இப்பவே மாத்திரைய நிறுத்திடச் சொல்றேன்."

"அதையும் செய்யாதீங்க. திடீர்னு நிறுத்தினாலும் அதே கதைதான்."

"சர்ஜன்கிட்ட சொன்னா?"

"சொன்னேன், போன் போட்டு. சும்மா சந்தேகத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா புண்ணு ஆற நாளாகும், கிருமி பிடிக்கும், கையில ஏதாச்சும் ஆதாரம் கொண்டாங்கன்னாரு. மாத்திரைய கோலாலம்பூருக்கு அனுப்பினா பதிலு வர்றதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடும். நம்ம செல்லு ரெண்டு நாள்ல சொல்லிடும்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. இவ்வளவு பெரிய மனிதனாக நடமாடியவன், கேரியரைத் திறந்து மூடி வைத்துவிட்டேன். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமே என்றால், கல் பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. கண் ஏற்கெனவே மஞ்சள் தட்டியிருந்தது. தள்ள முடியாது.

டாக்டரம்மா மாத்திரையை இடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, தண்ணீராகக் கலக்கினார். குழிகள் உள்ள தட்டில் செல்கள் இருந்தன. நான்கு வரிசை. முதல் வரிசைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு, தெரிந்த ஸ்டீராய்டு. மூன்றாவதற்கு மாத்திரைச் சாறு. நான்காவதற்கு மாத்திரைச் சாறும், கூடவே அந்த ஏற்பியை அடைத்துக்கொள்கிற ஒரு மருந்தும். நான்காவது எதற்கு என்றேன்.

"நீங்களே சொல்லுங்க. ரிலேய கழட்டிட்டாலும் லைட்டு எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"கரண்டு வேற எங்கேயோ லீக் ஆவுது."

"அதத்தான் பாக்கறேன்."

தட்டு சாயங்காலம் என் பெட்டிக்குள் போனது. மறுநாள் பிற்பகல் வரை அந்தச் சூட்டிலேயே இருக்க வேண்டும். டாக்டரம்மாவுக்குக் காலையில் தைப்பிங்கில் வேலை இருந்தது. மதியம் வந்துவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் ஆயுத பூசை. எங்கள் பட்டறையில் அன்று ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோம். மற்றவர்கள் தங்கள் சாமான்களுக்கு மட்டும் பொட்டு வைப்பார்கள். எனக்கு வேறு வழக்கம். நாங்கள் செய்த இயந்திரம் எங்கே இருந்தாலும் அது எங்கள் பிள்ளை. கடைக்காரர் சீனரோ மலாய்க்காரரோ, மச்சான் போய் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பொரியும் கடலையும் கொடுத்துவிட்டு வருவார். வாடிக்கைக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஒரு சீனத் தவுக்கே தன் ஐஸ் கிரீம் பெட்டிக்கு இன்னும் பொட்டு வைக்கவில்லையே என்று நினைவுபடுத்துவார்.

அன்று காலையில் கமுந்திங்கிலிருந்து ஆள் வந்து, இயந்திரம் நின்றுவிட்டது, சரக்கெல்லாம் கெடப்போகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். நல்ல நாளில் ஸ்பேனர் பிடித்தேன். மதியம் திரும்பினால், மச்சான் நெற்றி நிறைய விபூதியோடு பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லா எடமும் போய்ட்டு வந்தீங்களா மச்சான்?"

"ஒண்ணு விடல மாப்ள. டாக்டரம்மா பெட்டிக்குக்கூட. தங்கச்சி உசுரு அதுலதானே இருக்கு, அதுக்கு ரெண்டு சூடம் காட்டினேன்."

"நல்லது."

"பாவம், ராத்திரி பகலா எரிஞ்சிக்கிட்டே கெடக்கு. இன்னிக்கு ஒரு நாளாச்சும் ரெஸ்ட்டு எடுக்கட்டும்னு மெயின் ஸ்விட்ச்ச அணைச்சிட்டு வந்தேன்."

வேன் சாவி இன்னும் என் கையிலேயே இருந்தது. திரும்ப வேன் கதவைத் திறந்தேன். பெட்டியின் பராமரிப்பு எங்களுடையது என்பதால் பங்களாச் சாவி மச்சானிடம்தான் இருந்தது. கடைகளில் ஃபிரீசரை அணைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும், கறி கெடும். இதற்குள்ளே கெடுகிற மாதிரி எதையும் அவர் பார்த்ததில்லை.

"எப்ப அணைச்சீங்க?"

"பூசைக்குத்தான், காலைல. ஏன் மாப்ள, தப்பா?"

வேனைக் கிளப்பினேன். அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஈப்போ வெயிலில், வழியில் இருந்த இரண்டு சிக்னலையும் நான் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவருக்குப் புரிந்துவிட்டது. விபூதியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கொன்னுட்டேனா மாப்ள?"

"பேசாம வாங்க மச்சான்."

"நீங்கதானே சொன்னீங்க, மெஷினுக்கும் ஒரு நாளு ஓய்வு வேணும்னு."

"சொன்னேன். இது அந்த மெஷின் இல்ல."

டாக்டரம்மாவின் கார் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. உள்ளே சூடத்தின் வாசனை. பெட்டிக் கதவில் சந்தனமும் குங்குமமும். டாக்டரம்மா அதன் முன்னால் நின்று, வெளியில் நான் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டார் என்று சின்னச் சிவப்பு விளக்கு சொன்னது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"அண்ணே, யாரும் கதவத் திறக்கலையே?"

மச்சான் தலையை ஆட்டினார். "வெளியிலதான்மா பொட்டு வச்சேன். உள்ள என்ன சாமி இருக்குன்னு தெரியாம எப்படித் திறக்கறது?"

"நல்லதாப் போச்சு. பாருங்க, ரெண்டு டிகிரிதான் எறங்கியிருக்கு. காலையிலேர்ந்து."

இரண்டு சுவருக்கு நடுவே நான் வைத்த தண்ணீர். அத்தனை நேரமும் அது சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. டாக்டரம்மா கதவைத் திறந்து தட்டை எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தார். செல்களைச் சுற்றியுள்ள நீரின் நிறம் மாறவில்லை. வாயு போயிருந்தால் அது கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும் என்று எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். என் வால்வு மூடியிருந்தது, என் ரப்பர் விடவில்லை.

"உசுரோட இருக்கா?" என்று மச்சான் கேட்டார்.

"நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் சோம்பலா இருக்கும்."

"கணக்கு தப்பாகுமா டாக்டரம்மா?" இது நான்.

அவர் யோசித்துத்தான் சொன்னார். "இவ்ளோ வெளிச்சம்னா இவ்ளோ மருந்துன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. ஆனா நாலு வரிசையும் ஒரே பெட்டியில ஒரே கஷ்டத்தத்தானே பட்டிருக்கு. ஒண்ண ஒண்ணோட ஒப்பிடலாம். இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். எனக்கு அது போதும், சர்ஜனுக்கும் அது போதும்."

தட்டைத் திரும்ப உள்ளே வைத்து, கொஞ்ச நேரம் சூட்டுக்கு விட்டார். அந்த நேரத்தில் மச்சான் நனைந்த துணியோடு குங்குமத்தைத் துடைக்கப் போனார். டாக்டரம்மா தடுத்தார்.

"கதவுல இருக்கட்டும் அண்ணே. உள்ள மட்டும் வராமப் பாத்துக்குங்க. அத்தா கடையிலயும் நீங்க வச்ச பொட்ட அவரு துடைக்கறதில்ல."

சாயங்காலம் செல்களைக் கரைத்து, ஒவ்வொரு வரிசையாகச் சின்னக் குப்பியில் எடுத்து இருட்டுப் பெட்டிக்குள் இறக்கினார். ரப்பர் மூடி வழியாகத் தீனியைச் செலுத்தினார். முதல் வரிசை: முள் லேசாக அசைந்து படுத்துக்கொண்டது. இரண்டாவது, தெரிந்த ஸ்டீராய்டு: முள் எழுந்தது. சோம்பலாகத்தான், ஆனால் எழுந்தது. என் பெட்டிக்குள் ஏற்பி வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, என் மனைவியின் மாத்திரை.

முள் துள்ளிப் போய் அந்தப் பக்கத்துக் கட்டையில் முட்டி நின்றது.

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். நான்காவதை வைத்தார். அடைப்பு மருந்து சேர்ந்தது. முள் எழும்பவே இல்லை. லீக் இல்லை. வெளிச்சம் அந்த ஏற்பி வழியாகத்தான் வந்திருக்கிறது.

"மலைவேரு," என்றார் மச்சான். "தாயோளி மலைவேருன்னானே."

பெண்பிள்ளை இருக்கிற இடம் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். டாக்டரம்மா காதில் விழாத மாதிரி போனை எடுத்துக்கொண்டார். சர்ஜனோடு ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிந்தது அவருடைய குரல் மட்டும். அது மேலே போய், கீழே வந்து, கடைசியில் இலேசானது. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஊசி போட்டுக்குவாங்க. இப்போதைக்கு மாத்திரைய நிறுத்த வேணாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அவங்களே கொறைப்பாங்க. இனிமே பயமில்ல அண்ணே."

நான் அந்தப் பங்களா வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். லகாட் ஐஸ் கூடத்தில் எஞ்சின் முதல் தடவை ஓடியபோதுகூட இப்படி ஆனதில்லை. மச்சான் எங்கிருந்தோ பொரிப் பையைக் கொண்டுவந்து நீட்டினார். ஆயுத பூசைப் பொரி. மூன்று பேரும் சாப்பிட்டோம். அன்று முழுக்க நான் சாப்பிட்டது அதுதான், ருசியாகத்தான் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாத்திரைய கொண்டாந்ததும் நீதான், பெட்டிய அணைச்சதும் நீதான். உனக்கு என் மேல என்னண்ணே கோவம்?"

அவள்தான் முதலில் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் சந்தைக்குப் போய் அந்த வேனைத் தேடினார். வேன் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. போலீஸுக்கும் சுகாதார ஆட்களுக்கும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஆபரேஷன் அன்று நடுவில் பிரஷர் இறங்கியதாம். இன்னொரு ஊசி கையில் தயாராக இருந்தது, போட்டார்கள், ஏறிவிட்டது. சர்ஜன் வெளியே வந்து, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அது போதும். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தாள். உயிரோடு இருக்கிறவர்கள்தான் முகத்தைச் சுளிப்பார்கள். நான் படியில் இறங்கிப் போய்க் கோப்பி குடித்தேன். சர்க்கரை கூடிப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டை போடாத நாள் அது.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடிக்கப் பல மாதம் ஆயிற்று. முழங்கால் வலி திரும்பி வந்தது. முகம் மெல்ல மெல்லப் பழைய முகமானது. வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம், வலிக்கட்டும் என்று அவளே சேர்த்துக்கொள்வாள். வலிக்கிறவள் இருக்கிறாள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வுக்கூடம் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது. என் சூட்டுப் பெட்டியை எறியாமல், வாசல் கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். போன மாதம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். பக்கத்தில் ஒரு அட்டை. அங்கே வேலை பார்க்கிற பெண் அதில் எழுதியிருந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: இதில் வளர்த்த செல்களைக் கொண்டுதான் இந்தக் கூடம் முதன்முதலில் ஏற்பிகளின் வேலையை அளந்தது; செல்களைத் தந்தவர்கள் இன்னார், பணம் கொடுத்தவர்கள் இன்னார், ஆராய்ச்சி செய்தவர் டாக்டரம்மா. பெட்டி, உள்ளூரில் தயாரிக்கப்பட்டது.

"உள்ளூருன்னா யாரு?" என்று என் மனைவி கேட்டாள். "ஊரே சேந்து வெல்டிங் பண்ணிச்சா?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அவள்மேல் எனக்குக் குறை இல்லை. டாக்டரம்மா ஓய்வு பெற்று மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். அவர் இருந்திருந்தால் இப்படி எழுத விட்டிருக்க மாட்டார். ஆனால் அட்டை எழுதியவர்கள் யாரோ, அவர்கள் இதைப் படிக்கட்டும். செல்லுக்குள் மின்மினியைச் சேர்த்தது நான் இல்லை, அதை நான் கேட்கவில்லை. மாத்திரையைச் சந்தேகப்பட்டதும் நான் இல்லை. ஆனால் கரண்டு நின்ற அந்தப் பகலில் சூட்டைப் பிடித்து வைத்தது என் தண்ணீர், வாயுவைப் பிடித்து வைத்தது என் ரப்பர். அவை இல்லாவிட்டால் முள் எழுந்திருக்காது, சர்ஜன் கையில் ஊசி இருந்திருக்காது, அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்க என் மனைவியும் வந்திருக்க மாட்டாள்.

ஆகவே அந்த அட்டையைக் கழற்றுங்கள். டாக்டரம்மாவின் பெயர் முதலில் வரட்டும், அதுதான் முறை. அதற்கு அடுத்த வரியில் என் முழுப் பெயரும், என் அப்பா பெயரும், பட்டறை இருந்த தெருவும் வர வேண்டும். பட்டம் என்ன போடுவது என்று கேட்டால், கட்டியவர் என்று போடுங்கள். உதவியவர் என்று போட்டால் திரும்பவும் வருவேன், அவளையும் கூட்டிக்கொண்டு.